கேரட் துண்டின் கனம்

சமையலறையிலிருந்து பறந்து வந்த கேரட் துண்டு மீட்டர் சாரின் மூக்குக்கண்ணாடியில் மோதி, காபிக் கோப்பைக்குள் விழுந்தது.

"பட்டுடுச்சா?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"காபியில விழுந்துடுச்சு."

"அப்ப எடுத்துச் சாப்பிட்டுடுங்க. கழுவினதுதான்."

அவர் கரண்டியை விட்டுத் துழாவித் துண்டை மீட்டார். அந்த வாரத்தில் அது மூன்றாவது. முதல் துண்டு ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. இரண்டாவது இன்னும் அகப்படவில்லை.

மனைவி கத்தியும் கையுமாகச் சமையலறை வாசலுக்கு வந்தாள். "இந்தக் கத்தி வெட்டவே மாட்டேங்குதுங்க. அமுக்கினா வழுக்குது, விட்டா பறக்குது. நீங்க சும்மாதானே இருக்கீங்க, ஏதாவது பண்ணுங்களேன்."

"சும்மாதானே" என்பதை அவர் கண்டுகொள்ளவில்லை. "பண்ணுங்களேன்" என்பது மட்டும் காதில் தேனாகப் பாய்ந்தது. அதற்குக் காரணம் உண்டு.

குடிநீர் அலுவலகத்தின் மீட்டர் சோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். தெருவில் எல்லோருக்கும் மீட்டர் சார். அந்தக் காலத்தில் அவர் மேஜைக்கு ஒரு மீட்டர் வரும், கூடவே ஒரு புகார்ச் சீட்டும் வரும். "வேகமாக ஓடுகிறது" என்று ஒருவர் எழுதியிருப்பார், "ஓடவே இல்லை" என்று இன்னொருவர். அவர் மீட்டரைக் கழற்றி, துடைத்து, தண்ணீர் விட்டுப் பார்த்து, சரிசெய்து அனுப்புவார். திரும்பி வந்தால் திரும்பவும் கழற்றுவார். அது யார் வீட்டு மீட்டர், அந்த வீட்டில் குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கியது யார் என்பதெல்லாம் அவருக்குச் சம்பந்தமில்லாத விஷயம். சீட்டின் அடியில் "சரியாக உள்ளது" என்று புகார்காரர் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அப்படி ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கிய மனிதர்.

வீட்டில் மட்டும் ஒன்றுகூட வாங்கியதில்லை. சமையலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார்; அது பீறிட்டது. அன்றிலிருந்து சமையலறைக்குள் நுழைய அவருக்குத் தடை. சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் பூட்டினார். ஒரு பல்சக்கரம் மிச்சமாகிவிட்டது. மனைவி ஒருநாளும் கத்தியதில்லை. "பரவாயில்ல, விடுங்க" என்று சொல்லிவிட்டு ஆளைக் கூப்பிடுவாள். அந்தப் "பரவாயில்ல" தான் அவருக்குச் சுருக்கென்று தைக்கும். ஓய்வு பெற்று எட்டு மாதத்தில் அவளாக வந்து ஒரு வேலை சொன்னது இதுதான் முதல் தடவை. இதற்காவது அவள் வாயால் "சரியா இருக்கு" என்று சொல்ல வைத்துவிட வேண்டும் என்று, காபி ஆறுவதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார்.

அதுவும் சாதாரணக் கையா அது? அவள் காய் நறுக்கும் அழகு உறவுக்காரர்கள் நடுவே பேர் போனது. கேரட்டை வட்டவட்டமாக அவள் நறுக்கிக் குவித்தால் ஒரு வட்டம் இன்னொன்றைவிடக் கூடவோ குறையவோ இருக்காது. அளவு பார்த்தே பிழைத்த அவருக்கே அதில் ஒரு மயக்கம் உண்டு.

இரும்புக் கடைக்காரர் மூன்று வகைச் சாணைக் கருவிகளை எடுத்து வைத்தார்.

"இது இழுக்கறது சார். இந்தப் பிளவுக்குள்ள கத்தியை விட்டு நாலு இழு இழுத்தா போதும். எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க."

"எத்தனை டிகிரி?"

"என்னது சார்?"

"கத்தியோட வாய் எந்தக் கோணத்துல வரும்?"

கடைக்காரர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதெல்லாம் போடலையே."

"அப்ப வேண்டாம்."

"இது வெறும் கல்லு. தண்ணியில ஊற வெச்சுத் தேய்க்கணும். கோணம் உங்க கையில இருக்கு."

"கை ஆடினா?"

"கோணமும் ஆடும்."

"வேண்டாம்."

கடைக்காரர் பெருமூச்சு விட்டு மூன்றாவது பெட்டியின் தூசியை ஊதினார். உள்ளே கத்தியைக் கவ்விப் பிடிக்க ஒரு பிடி இருந்தது. அதன்மேல் செங்குத்தாக ஒரு தகடு, தகட்டில் வரிசையாக நாலு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் ஓர் எண் பொறித்திருந்தது: பதினேழு, இருபது, இருபத்தைந்து, முப்பது. கம்பியில் மாட்டித் தேய்க்க நாலு நிறத்தில் நாலு கற்கள், அவற்றிலும் எண்கள்; எண் ஏற ஏறக் கல் நைசாக இருந்தது.

"கத்தியை இதுல பூட்டிடணும். கம்பியை ஓட்டைக்குள்ள விட்டுத் தேய்க்கணும். அப்புறம் நீங்களே நெனச்சாலும் கோணம் மாறாது. கைப்பழக்கமே வேண்டாம் சார்."

மீட்டர் சார் அந்த எண்களை விரலால் தடவினார். எட்டு மாதமாக அவர் ஓர் அளவைக் கருவியையும் தொடவில்லை. 

"இதை ஏன் யாரும் வாங்கல?"

"கடைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு சார். கோணம் கேட்ட முதல் ஆளு நீங்கதான்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய நாட்காட்டித் தாள்களைக் கிழித்துச் சின்னச் சின்னச் சீட்டுகளாக்கி மனைவியிடம் கொடுத்தார்.

"என்னங்க இது?"

"புகார்ச் சீட்டு. வாயால சொன்னா பதிவாகாது. தேதி போட்டு எழுதிக் குடு."

"நான் உங்க பெண்டாட்டிங்க."

"அதையும் எழுது. புகார்காரர் விவரம்னு ஒரு இடம் விட்டிருக்கேன்."

அவள் சிரித்துக்கொண்டே முதல் சீட்டை எழுதினாள். "கத்தி வெட்டவில்லை." முத்து முத்தான எழுத்து.

சாப்பாட்டு மேஜையின் நடுவே கருவியைப் பொருத்தினார். குறிப்பேடு பதினோரு மொழிகளில் இருந்தது. அவருக்குத் தெரிந்த மொழி ஒன்றுகூட அதில் இல்லை. படத்தைப் பார்த்தே கத்தியைப் பூட்டினார், கம்பியை இருபதாம் ஓட்டையில் செருகினார், இருநூறாம் எண் கல்லால் சர்க் சர்க்கென்று தேய்க்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் அரை மணி, மறுபக்கம் அரை மணி. கத்தி பளபளவென்று மின்னியது.

மனைவி உள்ளே கொண்டுபோனாள். கொஞ்ச நேரத்தில் இரண்டாம் சீட்டு வந்தது. "வெட்டவில்லை. கீறல் விழுந்திருக்கிறது."

மீட்டர் சார் அசரவில்லை. கறுப்பு மை பேனாவால் கத்தியின் வாய் நெடுகிலும் பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார். மேலே மை அழிந்தது, விளிம்பில் அப்படியே இருந்தது. கல் இத்தனை நேரமும் வாய்க்கு மேலே உள்ள கத்தியின் தோளைத்தான் தேய்த்திருக்கிறது, வாயைத் தொடவே இல்லை! கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவர் எழுந்து ஒருமுறை கூடத்தைச் சுற்றி வந்தார்.

விளிம்பில் மை அழியும்வரை தேய்த்தார். மூன்றாம் சீட்டு வந்தது. "முன்பைவிட மோசம்."

இந்தத் தடவை குற்றவாளி பிசிறு. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க, மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இரும்புப் பிசிறு சுருண்டு நிற்கும். அதை எடுக்காவிட்டால் இரண்டு வெங்காயம் நறுக்குவதற்குள் கத்தியின் வாய் மடிந்துவிடும். அதையும் கற்றுக்கொண்டார். எடுத்தார்.

நான்காம் சீட்டு: "வெட்டவில்லை."

சரி, கூர் போதவில்லை என்று ஆயிரம் எண் கல் வரைக்கும் போனார். கத்தியின் வாயில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்யலாம் என்ற நிலைமை. அன்றைக்குத் தக்காளி, கத்திக்கு அடியிலிருந்து நழுவி, மேடையிலிருந்து உருண்டு, கூடத்தைக் கடந்து, அவர் காலடியில் வந்து நின்றது.

"அதிகமா மெருகு ஏத்திட்டேன். தக்காளித் தோல்ல வழுக்குது. நானூறோட நிறுத்தணும்," என்றார் தக்காளியைக் கையில் ஏந்தி.

"எதுக்கும் அதைக் குடுங்க, வேகவெக்கணும்," என்றாள் மனைவி.

கோணம்தான் தப்போ என்று அடுத்த வாரம் பதினேழாம் ஓட்டைக்குப் போனார். கத்தி மயிரிழை மெல்லியதாக வந்தது. சமையலறையிலிருந்து டொக், டொக் என்று சத்தம் கேட்டது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். மனைவி கத்தியைப் பூசணிக்காயின் மேல் நிறுத்தி, அதன் முதுகில் குழவிக்கல்லால் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ! கத்தியை யாராவது அடிப்பாங்களா?"

"அடிக்காம இறங்கலைங்க."

கத்தியின் வாயில் மூன்று இடத்தில் பல் விழுந்திருந்தது. அந்தப் பற்களைத் தேய்த்து எடுக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. மறுபடி இருபதாம் ஓட்டைக்கே வந்து சேர்ந்தார்.

இதற்குள் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டு மேஜை கருவிக்குப் போய்விட்டதால் இருவரும் சோபாவில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். கத்தியின் கூர்மையைச் சோதிக்க அவர் தாளை வெட்டிப் பார்ப்பார் என்பதால் அன்றன்றைய செய்தித்தாள் மனைவி கைக்கு நாடா நாடாவாகத்தான் வந்தது. தாள் போதாதென்று இடது முன்கை மயிரை மழித்துப் பார்த்தார். கத்தி வழித்துக்கொண்டு போயிற்று. கைக்கு அப்புறம் காலும் மொழுமொழுவென்று ஆயிற்று.

மாடி வீட்டுத் தையல்காரம்மா படிக்கட்டில் பார்த்துவிட்டுக் கேட்டாள். "என்ன சார், ஏதாவது தோல் வியாதியா?"

"ஆராய்ச்சிம்மா."

அந்த ஆராய்ச்சியின் உச்சம் கேரட் துண்டு. வெட்டுகிறது, வெட்டவில்லை என்று சும்மா சொன்னால் போதாது, ஓர் அளவு வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஓய்வு பெற்ற அன்று கூட வேலை பார்த்தவர்கள் அன்பளிப்பாகக் கொடுத்த வெர்னியர் அளவுகோலை எடுத்தார். சாப்பாட்டில் வரும் கேரட் துண்டுகளில் தினமும் பத்தை எடுத்துத் துடைத்துக் கனத்தை அளந்தார். சராசரி எடுத்து, தேதி போட்டுக் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தார்.

"சாப்பிடறப்ப அளக்காதீங்க. பாக்கறவங்க சிரிப்பாங்க."

"யாரு பாக்கறா? நீ சாப்பிடு."

தாள்தான் அவரைத் திகைக்க வைத்தது. முதல் வாரம் துண்டின் கனம் நாலு மில்லிமீட்டர். நாலாவது வாரம் ஒன்பது. எட்டாவது வாரம் பதினேழு. கோடு ஏறிக்கொண்டே போயிற்று. கத்தி கூராகக் கூராகத் துண்டு பெரிதாகிறது! முப்பத்தொரு வருட அனுபவத்தில் இப்படி ஒரு கருவியை அவர் பார்த்ததில்லை. சரிசெய்யச் சரிசெய்யக் கெட்டுப்போகும் மீட்டர் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது.

"நேத்து கேரட் முழுசாவே வந்துச்சே?" என்று ஒருநாள் கேட்டார்.

"முழுசா வேகவெச்சாதான் சத்து போகாதாம்," என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

இது தன்னைக் குத்திக்காட்டத்தான் என்று மீட்டர் சாருக்குப் புரிந்தது. சீட்டுகளும் அப்படித்தான் வந்தன. ஒன்பதாம் சீட்டை அவரால் படிக்கவே முடியவில்லை. வர வர எழுத்து கோழி கிளறின மாதிரி ஆகிவிட்டது. மூன்று வார்த்தையைக்கூட ஒழுங்காக எழுதத் தோன்றாத அளவுக்கு அவளுக்கு இந்த விஷயத்தில் அலுப்பு என்று நினைத்துக்கொண்டார். பழைய பழக்கத்தில் சிவப்பு மையால் ஓரத்தில் "தெளிவாக எழுதவும்" என்று குறித்துத் திருப்பி அனுப்பினார். அது அப்படியே கசங்கிக் குப்பைக்கூடையில் கிடந்ததைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை.

ஒரே ஆறுதல், வேறு விஷயங்களில் வீட்டில் அவருக்கு மவுசு கூடியிருந்தது. ஜாம் பாட்டில் மூடியைத் திறக்க அவரைத்தான் கூப்பிட்டாள். துணி பிழியவும் கூப்பிட்டாள். முன்பெல்லாம் இதற்கெல்லாம் அவர் பக்கம் திரும்பியே பார்க்கமாட்டாள். வீட்டில் ஆண்பிள்ளை இருந்தால் எத்தனை உதவி என்று இப்போதாவது தெரிந்ததே என்று அவர் மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்தார்.

பதினோராம் சீட்டு வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வியாழக்கிழமை, சோபாவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மனைவி சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"சமையலுக்கு ஒரு ஆளைப் போட்டுடலாமாங்க?"

அவர் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. கூடப் பிறந்த தங்கை வந்தால்கூடச் சமையலறை வாசலைத் தாண்ட விடாதவள் அவள். உப்பு டப்பாவை யாராவது நாலு விரற்கடை நகர்த்தி வைத்தால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அந்தச் சமையலறையையா இன்னொருத்தர் கையில் கொடுக்கிறேன் என்கிறாள்?

"ஒரு கத்திக்காகவா?"

"முடியலைங்க. போதும்னு தோணுது. திங்கக்கிழமை ஒரு அம்மாவை வரச் சொல்லியிருக்கேன்."

"சமைக்கறது உனக்குப் பிடிக்குமே."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே தட்டு கீழே விழும் சத்தம் கேட்டது.

 அவள் இத்தனை வருடமாக ஆண்டுவந்த ஒரே இடம் அது. ஒரு கத்தியைச் சரிசெய்யத் தெரியாத புருஷனால் அதையும் விட்டுவிடப் போகிறாள். குழாய், கடிகாரம் எல்லாம் வேறு. அதற்கெல்லாம் ஆள் இருந்தார்கள். இதற்கு நான்தான் பொறுப்பு என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. சமையலறை வாசல்வரை போய் நின்றார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள சரியா வரலேன்னா நீ யாரை வேணும்னாலும் வெச்சுக்கோ."

"நீங்க ஏங்க இதுக்குப் போயி இவ்வளவு..." என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "சரி, பண்ணுங்க."

வெள்ளிக்கிழமை முழுவதும் தேய்த்தார். சனிக்கிழமை கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போனார்.

"நீங்க தொழில்காரங்க. வெட்டு எப்படின்னு சொல்லுங்க."

தையல்காரம்மா மிச்சத் துணியை எட்டு மடிப்பாக மடித்துக் கத்தியை வைத்தாள். கத்தி எட்டு மடிப்பையும் தாண்டி மேஜை விரிப்பையும் சேர்த்து வெட்டிவிட்டுத்தான் நின்றது.

"அம்மாடி! இதையா அக்கா வெட்டலைங்கறாங்க?"

"துணியை வெட்டுது, தாளை வெட்டுது, காயைத்தான் வெட்ட மாட்டேங்குது. அதுதான் சிக்கல்."

"அது எப்படி சார்?"

"அதைத்தான் ரெண்டரை மாசமாத் தேடறேன். மேஜை விரிப்புக்கு மன்னிச்சுக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் குளித்துவிட்டுத்தான் மேஜைக்கு வந்தார். மை பூசினார். இருபதாம் ஓட்டை. இருநூறு, நானூறு, இரண்டு பக்கமும் எண்ணிப் பத்துப் பத்து இழுப்பு. பிசிறை எடுத்தார். தாளைத் தொங்கவிட்டுக் கத்தியை அதன்மேல் சும்மா வைத்தார். தாள் சத்தமே இல்லாமல் இரண்டாகி விழுந்தது. இதற்குமேல் ஒரு கத்தியைச் செய்ய மனிதனால் ஆகாது என்று அவருக்குத் தெரிந்தது.

மனைவி பலகையில் ஓர் உருளைக்கிழங்கை வைத்துக் காத்திருந்தாள். அவர் வாசலில் நின்று, கத்தியைப் பிடிப்பக்கமாக நீட்டினார். கூடவே எழுதி வைத்திருந்த சீட்டும் பேனாவும். அதில் "சரியாக உள்ளது" என்று அவரே எழுதியிருந்தார். கையெழுத்துதான் பாக்கி.

அவள் கத்தியை வாங்கி, கிழங்கின் மேல் வைத்து அழுத்தினாள். கத்தி பாதியில் நின்றது. இன்னும் அழுத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையையும் மேலே வைத்து, உடம்பையே சாய்த்து அழுத்தினாள். கிழங்கு புரண்டு தரையில் விழுந்தது.

"வெட்டலைங்க," என்றாள். அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. "என்னைத் திட்டாதீங்க. நீங்க எவ்வளவு பாடுபட்டீங்கன்னு தெரியும். ஆனா நிஜமா வெட்டலைங்க."

கல்யாணமாகி முப்பத்து நாலு வருடத்தில் காய் நறுக்கும்போது அவள் அழுது அவர் பார்த்தது வெங்காயத்துக்கு மட்டும்தான். அதற்குமேல் அவரால் வாசலில் நிற்க முடியவில்லை. தடையை மறந்து உள்ளே போனார்.

"குடு. நான் பாக்கறேன்."

கிழங்கை எடுத்துப் பலகையில் வைத்தார். வெட்டாத கத்தி என்று அவர் மனசில் பதிந்துபோயிருந்ததால், விறகு பிளக்கிற பலத்தோடு ஓங்கி அழுத்தினார். கத்தி கிழங்குக்குள் இறங்கியது, பலகைக்குள் இறங்கியது, நடுவே இருந்த அவருடைய இடது கட்டை விரலையும் விட்டுவைக்கவில்லை.

அவர் கிழங்கின் இரண்டு பாதிகளையும் தூக்கிப் பார்த்தார்.

"வெட்டுது!" என்று கத்தினார் மீட்டர் சார். "பாத்தியா! வெட்டுது!"

"ஐயோ ரத்தங்க!"

"அது கிடக்கட்டும். கிழங்கைப் பாரு, ரெண்டாயிடுச்சு! இந்தா, சீட்டுல கையெழுத்துப் போடு."

"கையெழுத்தாம் கையெழுத்து! நடங்க ஆஸ்பத்திரிக்கு!"

ஒரு துணியைக் கிழித்து விரலில் சுற்றினாள். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மறுபடி போட்டாள். வண்டியில் ஏறியதும் மறுபடி அவிழ்ந்தது. பயத்தில் அவளுக்குக் கை ஓடவில்லை என்று அவர் நினைத்தார். அவளைத் தேற்றும் விதமாக வழிநெடுக இருபது டிகிரியின் மகிமையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மருத்துவமனையில் கட்டுப்போடும் அறையிலிருந்த நர்ஸ் நல்ல கலகலப்பான பெண். காயத்தைக் கழுவிக்கொண்டே, "என்ன சார், யார்கூடச் சண்டை?" என்றாள்.

அவர் ஆதியோடந்தமாகச் சொன்னார். நாலு ஓட்டை, நாலு கல், மை, பிசிறு, பத்தோடு நின்றுபோன சீட்டு, மில்லிமீட்டர் கணக்கு, மேஜை விரிப்பு எல்லாவற்றையும் சொன்னார். நர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததில் மீட்டர் சாருக்குப் பாதி வலி போய்விட்டது.

"தையல் போட டாக்டர் இப்ப வந்துடுவார். அதுவரைக்கும் அம்மா, நீங்க இந்தப் பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கோங்க. ரத்தம் நிக்கட்டும்."

மனைவி வலது கையால் அவருடைய கட்டை விரலைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் பூவைத் தொடுகிற மென்மை இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் தன்னை இவ்வளவு மெதுவாகத் தொட்டதாக அவருக்கு நினைவில்லை. அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. சீட்டில் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன? இதுதான் கையெழுத்து என்று தோன்றியது.

பஞ்சு சிவந்துகொண்டே போயிற்று.

"அழுத்துங்கம்மா," என்றாள் நர்ஸ், ஊசி மருந்தை எடுத்தபடி.

"அழுத்திக்கிட்டுதானே இருக்கேன்."

"இன்னும் கொஞ்சம் பலமா."

"இதுக்கு மேல அழுத்தினா அவருக்கு வலிக்கும்மா."

"எனக்கு வலிக்கவே இல்ல," என்றார் மீட்டர் சார் பெருமையாக.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு வந்து, பஞ்சைத் தானே வாங்கி ஒரு கையால் அழுத்திப் பிடித்தாள். மறு கையின் இரண்டு விரலை மனைவியின் முன்னால் நீட்டினாள்.

"அம்மா, இதைக் கொஞ்சம் பிடிங்க. எவ்வளவு இறுக்கமாப் பிடிக்க முடியுமோ அவ்வளவு இறுக்கமா."

மனைவிக்கு இது வேடிக்கையாக இருந்தது. வலது கையால் பிடித்தாள். உதட்டைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"பிடிச்சிட்டேன். வலிக்குதா?"

நர்ஸ் விரலை உருவிக்கொண்டாள், அது சுலபமாக வந்துவிட்டது. மனைவியின் உள்ளங்கையைத் திருப்பி, கட்டை விரலின் அடியில் சதை வற்றிக் குழிந்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பிறகு மீட்டர் சாரைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"சார், உங்க கத்தியில ஒரு கோளாறும் இல்ல. அம்மாவோட கை இப்படிப் பலமில்லாமப் போயி எத்தனை மாசம் ஆச்சு?"